கேம் ஜாம்னா என்ன? ரெண்டு நாள்ல கேம் பண்றாங்களாமே, அதுல நிஜமா என்ன நடக்குது

"இந்த வீக்கெண்ட் கேம் ஜாம் இருக்கும்மா, சாப்பிட கூப்பிட்டா வரலன்னு திட்டாத"ன்னு சொன்னேன். எங்கம்மா "ஜாம் ஆயிடுச்சுன்னா ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாருடா"ன்னாங்க. அவங்கள சொல்லி குத்தமில்ல, ஐடில இருக்குற என் ஃப்ரெண்ட்ஸே இத ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சு வெச்சிருக்காங்க. ஒருத்தன் இது கேம் விளையாடுற டோர்னமெண்ட்னு நெனச்சிட்டிருக்கான், ஒருத்தன் எடுத்த உடனே "பிரைஸ் மணி எவ்ளோ"ன்னு கேக்குறான், இன்னொருத்தன் "ரெண்டு நாள்ல கேம் பண்ணிட முடியும்னா பெரிய கம்பெனிங்க எதுக்குடா அஞ்சு வருஷம் எடுத்துக்குறாங்க"ன்னு மடக்குறான். அந்த கடைசி கேள்வி நல்ல கேள்வி, ஆனா அதுக்குள்ளயே தப்பும் இருக்கு. அத அவிழ்க்கத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், கோடிங் ஒரு எழுத்து கூட தெரியலன்னாலும் புரியும்.

ஒரே மூச்சுல சொன்னா

கேம் ஜாம்னா, முன்னாடியே சொன்ன ஒரு நேரத்துக்குள்ள, அது 48 மணி நேரமா இருக்கலாம் 72 மணி நேரமா இருக்கலாம் ஒரு வாரமா கூட இருக்கலாம், கொடுத்த தலைப்புல ஒரு சின்ன வீடியோ கேம புதுசா பண்ணி, மத்தவங்க விளையாடுற மாதிரி வெளியில போட்டுடணும். அவ்ளோதான். விளையாடுற போட்டி இல்ல, பண்ற போட்டி. "போட்டி"ங்கிற வார்த்தையே கொஞ்சம் ஜாஸ்தி, அதுக்கு அப்புறம் வரேன்.

ஜாம்ங்கிற பேரு பாட்டுக்காரங்ககிட்டேர்ந்து வந்தது. ஜாஸ் கலைஞர்கள் முன்னாடியே ஒத்திகை எதுவும் பாக்காம ஒண்ணா உக்காந்து அப்பப்போ தோணுறத வாசிப்பாங்கல்ல, அதுக்கு ஜாம் செஷன்னு பேரு. அத அப்படியே கேம் பண்றவங்க எடுத்துக்கிட்டாங்க.

உப்புமா கணக்கு

ராத்திரி எட்டரை மணிக்கு சொல்லாம கொள்ளாம நாலு பேரு வீட்டுக்கு வந்து நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. எந்த வீட்லயும் அந்த நேரத்துல பிரியாணிக்கு அரிசி ஊற வெக்க மாட்டாங்க. ரவை இருக்கா, வெங்காயம் இருக்கா, கடுகு தாளிச்சு இருபது நிமிஷத்துல உப்புமா தட்டுல வந்துரும். சமைக்கிறவங்களுக்கு பிரியாணி தெரியாதுங்கிறதால இல்ல, இருக்குற நேரத்துக்கு எது முழுசா வெந்து தட்டுக்கு வருமோ அத பண்றாங்க. பாதி வெந்த பிரியாணிய விட வெந்த உப்புமா ஆயிரம் மடங்கு மேல, சாப்பிட்டவங்களுக்கு தெரியும்.

கேம் ஜாமோட மொத்த சூட்சுமமும் இதுதான். சாதாரணமா ஒரு வேலை செய்யும்போது என்ன செய்யணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு கேப்போம். ஜாம்ல தலைகீழ், நாள் ஏற்கனவே முடிவாயிடுச்சு, அது ஒரு நிமிஷம் கூட நீளாது, அதனால வேலைய தான் வெட்டணும். ஒரு கேம்ல என்னென்ன இருக்கணும்னு நீங்க போட்டு வெச்சிருக்குற மொத்த பட்டியலுக்கு ஸ்கோப்னு பேரு. ஜாம்னா ஸ்கோப்ப வெட்டுற பயிற்சி.

நெறைய பேரு இது வேகமா கோட் அடிக்கிறவங்களுக்கான விஷயம்னு நெனைக்கிறாங்க. நான் பாத்த வரைக்கும் ஜாம்ல சொதப்புறவங்கள்ல பாதி பேரு வேகமா அடிக்கிறவங்கதான், நம்மளால முடியும்னு நெனச்சு பத்து லெவல் பிளான் பண்ணிடுவாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி பாத்தா பத்தும் பாதி பாதியா நிக்கும்.

தீம்: ஈற்றடி கொடுத்துட்டு வெண்பா கேக்குற கதை

ஜாம் ஆரம்பிக்கிற நிமிஷத்துல ஒரு தலைப்ப வெளியிடுவாங்க, அதுதான் தீம். ஒரு வார்த்தையா இருக்கலாம், ஒரு வாக்கியமா இருக்கலாம், படமா சத்தமா கூட இருக்கலாம். இது நமக்கு புது விஷயமே இல்லைங்க. நம்ம ஊர்ல புலவர்கிட்ட ஈற்றடிய மட்டும் கொடுத்துட்டு மீதி வெண்பாவ பாடுன்னு சொல்ற பழக்கம் ரொம்ப பழசு. காளமேகப் புலவர்கிட்ட செருப்புல ஆரம்பிச்சு விளக்குமாறுல முடிக்க சொன்னாங்கன்னு ஸ்கூல்ல தமிழய்யா சொல்லிருப்பாரு. ஏன் அப்படி சுத்தி வளைச்சு மாட்டிவிடணும்? மனப்பாடம் பண்ணிட்டு வந்த பாட்ட அங்க ஒப்பிக்க முடியாதுல்ல, அதுக்குத்தான்.

தீமோட வேலையும் அதேதான். முன்னாடியே பண்ணி வெச்ச கேம கொண்டுவந்து போட்டுட முடியாது, அது ஒண்ணு. ரெண்டாவது எனக்கு இதவிட முக்கியமா படுது. "உனக்கு புடிச்ச எந்த கேம் வேணா பண்ணு"ன்னு சொன்னா மனுஷன் மூணு மாசம் யோசிச்சுட்டே இருப்பான், "இத வெச்சு பண்ணு"ன்னு ஒரு முட்டுச்சந்துக்குள்ள தள்ளி விட்டா அரை மணி நேரத்துல ஏதாவது தோணும்.

நல்ல உதாரணம் 2013 குளோபல் கேம் ஜாம். வருஷா வருஷம் ஜனவரி கடைசி வாக்குல உலகம் பூரா பல ஊர்ல காலேஜ் ஆபீஸ்னு ஆளுங்க நேர்ல கூடி பண்ற ஜாம் அது, மொத தடவ 2009ல 23 நாட்டுல நடந்துச்சு. 2013ல அவங்க கொடுத்த தீம் ஒரு வார்த்தை கூட இல்ல, லப் டப்னு ஒரு இதயத்துடிப்பு சத்தம், அவ்ளோதான். லண்டன்ல இருக்குற போஸா ஸ்டுடியோஸ் ஆளுங்க அத கேட்டுட்டு இதய மாற்று ஆபரேஷன் பண்ற டாக்டர் கேம் ஒண்ணு பண்ணாங்க. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பட்டன், அதனால கத்திய எடுக்கப்போனா கடிகாரத்த தட்டி விடுவீங்க, நோயாளி நெஞ்சுக்குள்ள எதையாவது போட்டுடுவீங்க, விழுந்து விழுந்து சிரிக்கலாம். அதுதான் சர்ஜன் சிமுலேட்டர், அதே வருஷம் ஏப்ரல்ல முழு கேமா வித்தாங்க.

தீம் யாரு முடிவு பண்றாங்கங்கிறது ஜாமுக்கு ஜாம் மாறும். சிலதுல நடத்துறவங்க ரகசியமா வெச்சிருந்து கடைசி நிமிஷத்துல சொல்வாங்க, லூடம் டாரேங்கிற ஜாம்ல கலந்துக்குறவங்களே தலைப்பு கொடுத்து பல சுத்து ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்பாங்க.

சரி, இதுவரைக்கும் பாத்தது: நேரம் மாறாது, ஸ்கோப்ப வெட்டணும், எந்த பக்கம் யோசிக்கணும்னு தீம் சொல்லும். இந்த மூணும் புரிஞ்சா மீதி ஈசி.

எங்கேர்ந்து ஆரம்பிச்சுது

ரொம்ப இழுக்கல. 2002 மார்ச்ல அமெரிக்காவுல ஓக்லாண்ட்ல கிறிஸ் ஹெக்கரும் சான் பாரட்டும் சேந்து இண்டி கேம் ஜாம்னு ஒண்ணு நடத்துனாங்க, கூப்பிட்டவங்க மட்டும் வந்த சின்ன கூட்டம், கேம் ஜாம்ங்கிற பேரு பரவுனதே அதுலேர்ந்துதான். அதே வருஷம் ஏப்ரல்ல ஜெஃப் ஹௌலண்ட்ங்கிறவரு இணையத்துல யாரு வேணா சேரலாம்னு லூடம் டாரேவ ஆரம்பிச்சாரு. லத்தீன் பேரு, "விளையாட்ட கொடுக்குறது"ன்னு அர்த்தம் வரும். இன்னிக்கு இருக்குற ஆன்லைன் ஜாம் எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா.

இப்போ கூட்டம் எங்கயோ போயிடுச்சு. கேம் டிசைன் பத்தி யூடியூப்ல வீடியோ போடற மார்க் பிரவுன் நடத்துற ஜிஎம்டிகே ஜாம் 2017ல ஆரம்பிச்சது, 2024ல அந்த ஒரு ஜாமுக்கு மட்டும் 7000க்கும் மேல கேம் வந்துச்சு. ஒரு கேமுக்கு அஞ்சு நிமிஷம்னு கணக்கு போட்டாலே தூங்காம சாப்பிடாம மூணு வாரத்துக்கு மேல விளையாடணும்.

உள்ள என்ன நடக்குது: என் கிணறு கதை

பொதுவா சொன்னா மண்டைல ஏறாது, அதனால நான் பண்ண ஒண்ண சொல்றேன். 2021 ஏப்ரல், எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த நேரம், 48வது லூடம் டாரே. (இந்த 48 அது எத்தனாவது தடவங்கிறதுக்கு, மணி நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, நானே மொதல்ல குழம்புனேன்.) நம்ம ஊர் நேரத்துக்கு சனிக்கிழமை விடியக்காலைல தீம் வந்துச்சு, "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி.

எனக்கு உடனே தோணுனது கிணறு. எங்க தாத்தா வீட்டு கிணறு, எட்டிப்பாத்தா நம்ம தலை குட்டியா தெரியும், கத்துனா திரும்ப கத்தும். சரி கிணறு வெட்டுற கேம்னு முடிவாச்சு. டீ குடிச்சுக்கிட்டே நோட்ல பிளான் எழுதுறேன்: ஒரு கிராமம், பஞ்சாயத்து தலைவர், கடப்பாரை விக்கிற கடை, பத்து கிணறு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற பாறை, நடுவுல ஒரு பேய் கதை. இப்ப படிச்சா சிரிப்பு வருது, பேய் கதைக்கு மட்டும் தனியா ஒரு பக்கம் எழுதிருக்கேன்.

இங்கதான் ஒரு வார்த்தைய கத்துக்கணும், கோர் லூப். விளையாடுறவங்க ஆட்டம் முழுக்க திரும்பத் திரும்ப பண்ற அந்த அடிப்படை வேலைக்கு கோர் லூப்னு பேரு. பல்லாங்குழிய எடுத்துக்கோங்க, ஒரு குழிய அள்ளு, ஒவ்வொண்ணா போட்டுட்டே போ, முடிஞ்சா அடுத்த குழிய அள்ளு, வெறுங்குழி வந்தா தடவிட்டு அதுக்கடுத்தத எடுத்துக்க. மணிக்கணக்கா ஆடினாலும் இதுதான், இது நல்லா இருக்குறதால தான் மணிக்கணக்கா ஆட முடியுது. பல்லாங்குழிக்கு பின்கதை எதுவும் இல்ல, லெவலும் இல்ல, யாரும் குறை சொல்லல.

என் கேமுக்கு கோர் லூப்: தோண்டு, மண்ண வாளில அள்ளு, மேல இழு. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு இது ஓட ஆரம்பிச்சுது. பொம்மை கிம்மை ஒண்ணும் கிடையாது, மனுஷனுக்கு பதிலா ஒரு நீல கட்டம், வாளிக்கு பதிலா ஒரு மஞ்ச கட்டம். எதுல பண்ணேன்னு கேட்டா கோடோங்கிற எஞ்சின்ல. எஞ்சின்னா கேம் பண்றதுக்கான தயார் அடுப்படின்னு வெச்சுக்கோங்க, படத்த திரையில காட்றது, ஒண்ணு மேல ஒண்ணு மோதுனா கண்டுபிடிக்கிறது, சத்தம் போடறது எல்லாம் அதுலயே இருக்கும், நாம சமைச்சா போதும். கோடோ இலவசம், என் பழைய லேப்டாப்ல கூட ஓடும்.

லூப் ஓடுது ஆனா போரடிக்குது. ஞாயித்துக்கிழமை காலைல தம்பிய கூப்பிட்டு உக்கார வெச்சேன், ஒரு வார்த்தை சொல்லித் தரல, பின்னாடி நின்னு பாத்தேன். அவன் பாட்டுக்கு தோண்டிட்டே போறான் தோண்டிட்டே போறான், மண்ண மேல இழுக்கவே இல்ல. "டேய் வாளிய இழுடா"ன்னேன். "எதுக்குண்ணே இழுக்கணும், இழுக்காட்டி என்ன ஆகும்?"னான். ஒண்ணும் ஆகாது. அதுதான் பிரச்சனையே. நான் வீட்டு பெரியவங்க மாதிரி "மண்ண அப்பப்போ எடுத்துடணும்"னு மனசுல வெச்சிருக்கேன், கேம்ல அதுக்கு காரணமே இல்ல.

அந்த ஒரு கேள்விலேர்ந்து மீதி கேம் வந்துச்சு. இழுக்காம விட்டா மண்ணு சேந்து காலு புதையும், மெதுவா தான் நகர முடியும். கயித்துக்கு நீளம் கம்மி, ஆழம் போகப்போக இழுக்க நேரமாகும். திடீர்னு ஊத்து பொத்துக்கிட்டா தண்ணி ஏற ஆரம்பிக்கும், அதுக்குள்ள மேல வந்துடணும். ஆழமா போகணும்ங்கிற ஆசையும் மேல வரணும்ங்கிற பயமும் ஒண்ணுக்கொண்ணு இழுக்குது, அப்பதான் அது விளையாட்டாச்சு. இத நான் நோட்ல உக்காந்து யோசிச்சு கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி கத்திய எடுத்தேன். கடை போச்சு, கிராமம் போச்சு, பத்து கிணறு ஒரு கிணறாச்சு, பேய கொஞ்சம் வருத்தத்தோட அனுப்பி வெச்சேன். திங்கக்கிழமை முழுக்க படமும் சத்தமும். கேம்ல போடற இந்த படம், சத்தம், பாட்டு, எழுத்துரு எல்லாத்துக்கும் பொதுவா அசெட்னு பேரு. பாட்டு இலவசமா கிடைச்ச ஒண்ணு, ஆனா வாளி கிணத்து சுவத்துல இடிக்கிற சத்தத்துக்கு அடுக்களைல இருந்த எவர்சில்வர் குடத்த தரையில வெச்சு கரண்டியால தட்டி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணேன். "குடம் நசுங்குச்சுன்னா புதுசு வாங்கிக் குடு"ன்னு அம்மா வாசல்ல நின்னுட்டு சொன்னது மொத டேக்ல பதிவாகி அத அழிச்சுட்டு திரும்ப தட்டுனேன்.

செவ்வாக்கிழமை விடியக்காலைல பில்ட் எடுத்தேன். பில்ட்னா எஞ்சினுக்குள்ள கிடக்குற வேலைய வேற ஆளுங்க திறந்து விளையாடுற மாதிரி ஒரு பொட்டலமா கட்டுறது. பிரவுசர்லயே ஓடுற மாதிரி கட்டி இட்ச் டாட் ஐஓங்கிற, யாரு வேணா கேம் போடற சைட்ல ஏத்திட்டு, ஆசையா திறந்து பாத்தா வாளிய காணோம். கயிறு மட்டும் தனியா ஏறுது இறங்குது, நுனில ஒண்ணுமே இல்ல. என் லேப்டாப்ல நல்லா தெரிஞ்சுதே! வேர்த்துடுச்சு. காரணம் என்ன தெரியுமா, வாளி படத்தோட ஃபைல் பேருல மொத எழுத்த கேப்பிட்டல்ல வெச்சிருக்கேன், கோட்ல சின்ன எழுத்துல எழுதிருக்கேன். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும், பில்ட்டுக்குள்ள போனா ரெண்டும் வேற வேற. கோடோ பாவம் ரெண்டு நாளா கீழ ஒரு எச்சரிக்கை காட்டிட்டே இருந்திருக்கு, நான்தான் பாக்கல. நல்லவேளை லூடம் டாரேல நேரம் முடிஞ்சப்புறம் இந்த மாதிரி கட்டி ஏத்துற வேலைக்குன்னே ஒரு மணி நேரம் தனியா தருவாங்க, அதுல தப்பிச்சேன்.

சுருக்கமா: மொதல்ல கோர் லூப், அது கட்டமா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் வேற ஒருத்தர் கையில குடுத்து பாக்குறது. அப்புறம் வெட்டுறது. அசெட் அதுக்கப்புறம். பில்ட்ட மட்டும் கடைசி நிமிஷத்துக்கு வெக்காதீங்க, மொத நாளே ஒரு தடவ கட்டி ஏத்தி பாத்துடுங்க.

நேரம் முடிஞ்சா பாதிதான் முடிஞ்சுது

வெளில இருந்து பாக்குறவங்களுக்கு சுத்தமா தெரியாத பகுதி இது. நடுவர் யாருன்னு கேப்பாங்க. பெரும்பாலான ஜாம்ல நடுவர்னு தனியா யாரும் கிடையாது, கேம் பண்ணவங்களே ஒருத்தர் கேம ஒருத்தர் விளையாடி மார்க் போடுவாங்க. லூடம் டாரேல இது சுமார் மூணு வாரம் நடக்கும். மொத்தமா எப்படி, ஜாலியா இருக்கா, புதுசா இருக்கா, தீமுக்கு பொருந்துதா, படம், சத்தம், நகைச்சுவை, மூட்னு தனித்தனியா நட்சத்திரம் போடலாம். 20 பேராவது போட்டாதான் உங்களுக்கு ரேங்க்கே வரும்.

அப்போ 20 பேர எங்க போய் புடிக்கிறது? கல்யாண மொய் நோட்டு தெரியும்ல, நீங்க நாலு வீட்டுக்கு போய் எழுதுனாதான் உங்க வீட்டு விசேஷத்துக்கு எழுத ஆள் வரும். அதே கதைதான். நீங்க மத்தவங்க கேம விளையாடி உருப்படியா நாலு வரி எழுதுனா அவங்க திரும்ப வந்து உங்களத விளையாடுவாங்க, லூடம் டாரே சைட்டும் அப்படி உழைக்கிறவங்க கேம முன்னாடி காட்டும்.

இட்ச் சைட்லயே நடக்குற மத்த ஜாம்ல ரேங்க் போடற கணக்கு இன்னும் கறாரு, இது தெரியாம நெறைய பேரு "எனக்கு நல்ல ஸ்டார் வந்தும் ரேங்க் பின்னாடி போயிடுச்சு, மோசடி"ன்னு புலம்புவாங்க. விஷயம் இதான்: எல்லா கேமுக்கும் எத்தன ஓட்டு விழுந்துச்சுங்கிற எண்ணிக்கைய சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி நட்ட நடுவுல நிக்கிற எண்ண எடுப்பாங்க, அதுக்கு மீடியன்னு பேரு. உங்களுக்கு மீடியன விட கம்மியா ஓட்டு வந்திருந்தா, உங்க ஓட்ட மீடியனால வகுத்து அதோட வர்க்கமூலத்த உங்க சராசரி மார்க்கோட பெருக்குவாங்க.

பயந்துடாதீங்க, ஒரு தடவ போட்டு பாத்தா தெளிஞ்சுரும். மீடியன் 16னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு 4 பேர்தான் ஓட்டு போட்டாங்க, ஆனா சராசரி 4.8, சூப்பர் மார்க். 4ஐ 16ஆல வகுத்தா கால், காலோட வர்க்கமூலம் அரை, 4.8ல பாதி 2.4. பக்கத்து கேமுக்கு 16 பேரு ஓட்டு போட்டு சராசரி 3.5, அவங்களுக்கு ஒண்ணும் குறையாது, 3.5 அப்படியே நிக்கும். உங்கள தாண்டி அவங்க போயிடுவாங்க. அநியாயமா தெரியலாம், ஆனா இப்படி இல்லன்னா நாலு சொந்தக்காரங்கள வெச்சு அஞ்சு அஞ்சு ஸ்டார் போட வெச்சு எல்லாருமே மொத இடம் வந்துருவாங்க.

பரிசு பத்தி கேட்ட நண்பனுக்கு: லூடம் டாரேல பரிசுன்னு ஒண்ணுமே கிடையாது, கையில இருக்குற கேம்தான் பரிசு. சில ஜாம்ல கொடுப்பாங்க, ஆனா பணத்துக்காக இதுல இறங்குறவங்க கணக்குல வீக்கு.

அப்போ அஞ்சு வருஷ கேள்விக்கு பதில்

ஜாம்ல வர்றது கேமோட விதைநெல்லு மாதிரி. அத தின்னு பசியாற முடியாது, ஆனா முளைக்குமா முளைக்காதான்னு பாத்துடலாம். பாபா இஸ் யூங்கிற புதிர் கேம் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, திரையில இருக்குற வார்த்தைகள தள்ளி தள்ளி ஆட்டத்தோட விதியவே மாத்தி ஆடறது, "சுவர்னா தடுக்கும்"ங்கிறதுல ஒரு வார்த்தைய தள்ளி விட்டா சுவருக்குள்ளயே நடந்து போயிடலாம். ஃபின்லாந்துக்காரரு ஆர்வி டெய்காரி 2017 நோர்டிக் கேம் ஜாம்ல அத பண்ணி ஜெயிச்சாரு. ஒரு வீக்கெண்ட் வேலை. ஆனா கடைக்கு வந்தது 2019 மார்ச்ல. ரெண்டு வருஷம், ஐடியா மாறல, அந்த ஐடியாவ வெச்சு 200க்கு மேல புதிர் செய்யறதுக்கு ஆன நேரம் அது.

ஹாலோ நைட்ங்கிற கேமுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அத பண்ண டீம் செரி ஆளுங்க 2013 ஆகஸ்ட்ல லூடம் டாரேல "10 விநாடி"ங்கிற தீமுக்கு ஹங்க்ரி நைட்னு ஒரு குட்டி கேம் பண்ணாங்க, அதுல வந்த அந்த வெள்ள முகமூடி பூச்சிதான் 2017ல வந்த ஹாலோ நைட்டோட நாயகன். நடுவுல மூணரை வருஷம். ஆக "ரெண்டு நாள்ல கேம் பண்ணிடலாம்"னா பெரிய கம்பெனிங்க சோம்பேறின்னு அர்த்தமில்ல, இது நாத்து விடற நேரம், அவங்களது அறுத்து மூட்டை கட்டி சந்தைக்கு கொண்டு போற வரைக்கும்.

கொஞ்சம் வயித்தெரிச்சலான ஒரு விஷயமும் சொல்லிடறேன். நான் கிணறு வெட்டிட்டிருந்த அதே வீக்கெண்ட், அதே "இன்னும் ஆழமா" தீமுக்கு, ஜெர்மனில பிப்பின்பிட்ஸ்னு ஒரு சின்ன டீம் டோம் ரொமான்டிக்னு ஒண்ணு பண்ணாங்க. அவங்களும் தோண்டுறதுதான்! கண்ணாடி கூண்டுக்கு கீழ சுரங்கம் தோண்டி பொருள மேல இழுத்துட்டு வரணும், அடுத்த தாக்குதல் வர்றதுக்குள்ள மேல வந்து கூண்ட காப்பாத்தணும். ஆழமா போற ஆசை, மேல வர வேண்டிய பயம், என்கிட்ட இருந்த அதே இழுபறி. அதுதான் 2022ல டோம் கீப்பர்னு வந்து சக்கைப்போடு போட்டுச்சு. நான் செவ்வாக்கிழமையோட மண்வெட்டிய கீழ போட்டுட்டேன், அவங்க ஒரு வருஷத்துக்கு மேல தோண்டிட்டே இருந்தாங்க.

எத்தன வகை இருக்கு

இங்க ரொம்ப நிக்க வேண்டாம். லூடம் டாரேலயே காம்போன்னு ஒரு பிரிவு, தனியாளா 48 மணி நேரத்துல படம் சத்தம் எல்லாமே நீங்களே பண்ணணும், எழுதுன கோட் மொத்தத்தையும் எல்லாரும் பாக்க கொடுக்கணும். ஜாம்னு இன்னொரு பிரிவு, 72 மணி நேரம், டீமா வரலாம், ரெடிமேட் அசெட் போடலாம், நான் கலந்துக்கிட்டது இதுதான். ஏழு நாள்ல ரோக்லைக்ங்கிற வகை கேம் (செத்தா திரும்ப மொதல்லேர்ந்து ஆடணும், ஒவ்வொரு தடவயும் இடம் மாறியிருக்கும்) பண்ற சவால் 2005லேர்ந்து நடக்குது.

எனக்கு ரொம்ப புடிச்ச கிறுக்குத்தனம் ஜேஎஸ் 13கே. நேரம் தாராளம், ஆகஸ்ட் 13லேர்ந்து செப்டம்பர் 13 வரைக்கும் ஒரு மாசம், ஆனா மொத்த கேமும் சுருக்கி கட்டுனா 13 கிலோபைட்டுக்குள்ள இருக்கணும். உங்க பெரியப்பா வாட்ஸாப்ல அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ படம் இத விட பெருசு. படம், பாட்டு, கோட் எல்லாம் அதுக்குள்ள! பாட்ட ஃபைலா வெக்க இடமில்லாம கணக்கு போட்டு அந்த நிமிஷத்துல கோட்லயே உருவாக்குவாங்க.

ஏஐ வெச்சு படம் போடலாமா, பழைய கோட் கொண்டு வரலாமாங்கிறதெல்லாம் ஜாமுக்கு ஜாம் வேற. ரூல்ஸ் பக்கத்த படிச்சுட்டு போங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கோடிங் தெரியாது, தூக்கம் முக்கியம், நான் வரலாமா

வரலாம். ஸ்க்ராட்ச், ஜிடெவலப் மாதிரி கோட் எழுதாம பண்ற கருவி இருக்கு. படம் வரையத் தெரிஞ்சவங்க, பாட்டு போடத் தெரிஞ்சவங்க, கதை எழுதுறவங்களுக்காக டீம்காரங்க அலையுறாங்க, இட்ச்ல பல ஜாம் பக்கத்துல கலந்துக்குறவங்க பேசிக்குற இடம்னு ஒண்ணு இருக்கும், அங்க போய் "எனக்கு இது தெரியும், இவ்ளோ நேரம் குடுப்பேன்"னு ரெண்டு வரி போட்டா போதும்.

தூக்கம் விஷயத்துல மட்டும் எனக்கு கொஞ்சம் கோவம் வரும். ரெண்டு ராத்திரி முழிச்சு ஆறு எனர்ஜி டிரிங்க் குடிச்சத பெருமையா போட்டோ போடறாங்க பாருங்க, அவங்க கேம விளையாடுனா தெரியும், ராத்திரி மூணு மணிக்கு எழுதுன கோட காலைல ரெண்டு மணி நேரம் சரி பண்ணிருப்பாங்க. 48 மணி நேரம்ங்கிறது வெளில ஓடுற கடிகாரம். உங்க வேலை நேரம் அதுல இருபது மணி நேரம் வந்தாலே ஜாஸ்தி. ஸ்கோப் சரியா வெட்டுனவங்க எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தும் முடிச்சுட்டு போயிருக்காங்க.

மொத தடவ போறவங்களுக்கு நான் சொல்றது, பெரிய ஜாமுக்கு நேரா போகாதீங்க. இட்ச்ல ஜாம் காலண்டர்னு ஒரு பக்கம் இருக்கு, எந்த வாரம் பாத்தாலும் சின்ன சின்னதா பல ஜாம் ஓடிட்டிருக்கும், முப்பது நாப்பது பேரு கலந்துக்குற ஒண்ண புடிங்க, அங்க உங்க கேம விளையாட ஆள் வருவாங்க, கூட்டத்துல தொலைய மாட்டீங்க. நேரத்த நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தி எழுதி வெச்சுக்கோங்க, வெளிநாட்டுல வெள்ளிக்கிழமை சாயந்தரம்னு போட்டிருந்தா நமக்கு அது ராத்திரியாவோ மறுநாள் விடியக்காலையாவோ இருக்கும். ஜாமுக்கு முந்துன வாரம் எஞ்சின்ல ஒரு கட்டத்த இடது வலது நகர்த்தி, அத பில்ட் கட்டி, ஏத்தி, ஃப்ரெண்டு ஃபோன்ல திறக்க சொல்லி பாத்துடுங்க. அப்புறம் தயவு செஞ்சு ஃபைல் பேரு எல்லாத்தையும் சின்ன எழுத்துலயே வைங்க. என் கிணறு கேமுக்கு வந்த மொத கமெண்ட்டே "அந்த கண்ணுக்கு தெரியாத வாளி ஐடியா அருமை, ஏன் எடுத்துட்டீங்க"ன்னுதான்.